ஆமாம், விபூதிதான்

சேசு மரி சூசை
மேல் டிவிசன், ரத்தோட்டை
1963 மார்ச் 1

அன்புள்ள நுஹ்மான் மச்சானுக்கு,

இன்னாசிமுத்து எழுதுவது. பெருநாள் நல்லபடியாக முடிந்திருக்கும். உம்மா எனக்கென்று வட்டிலப்பம் எடுத்து வைத்திருந்தால் அதை நீயே தின்றுவிடு. அதைத் தின்னும் யோக்கியதை இப்போது எனக்கு இல்லை. உங்கள் நோன்பு முடிந்த கையோடு எங்கள் தபசு காலம் தொடங்கியது. தொடங்கிய அன்றே அதை நான் கெடுத்தும் விட்டேன்.

முதலில் நம் காரியம். இந்த வாரப் பத்திரிகையில் 'ஒன்பது நிழல் ராச்சியம்' தொடர்கதை படித்தாயா? நிழலை விற்றுவிட்ட நீலவேணி ஆற்றைக் கடக்கிறாளாம். கடக்கவே முடியாது என்று மூன்றாம் அத்தியாயத்தில் மந்திரவாதி வாயாலேயே சொல்ல வைத்த கதாசிரியர், இப்போது அதை மறந்துவிட்டுத் தோணியில் ஏற்றி அனுப்புகிறார்! பத்திரிகைக்கு எழுதப் போகிறேன். என் பெயரில் எழுத முடியாது, உன் பெயரில்தான். வேதம் படிப்பிக்கிற வாத்தியார் மாயக்கதை வாசிக்கிறான் என்று கொழும்பு வரைக்கும் அச்சடித்துச் சொல்ல வேண்டுமா?

இனி என் காரியம். இந்தப் பாஸ்குத் திருநாளில், ஆண்டவர் உயிர்த்த நாளில், மாத்தளைச் சுவாமியார் என்னை உபதேசியார் ஆக்கப் போகிறார் என்று சொன்னேன் அல்லவா? சுவாமியார் வராத ஞாயிறுகளில் கோவிலில் முன்னால் நின்று ஜெபம் சொல்கிற வேலை. என் அப்பா தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டியே செத்தார். அவர் மகனுக்கு இந்த மலையில் இதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது. அம்மா இப்போதே அயல் வீடுகளிலெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள்.

புதன்கிழமை எங்களுக்கு விபூதிப் புதன். காலையில் சுவாமியார் வந்து பூசை வைத்து எல்லார் நெற்றியிலும் சாம்பலால் சிலுவை போட்டார். அதே நாள் சாயந்தரம் லயத்துக்குக் கீழே காமன் கம்பம் நட்டார்கள். காமன் கூத்துப் பாட்டுக்கு நான் எவ்வளவு பைத்தியம் என்பது உனக்கு மட்டும்தான் தெரியும். வருஷா வருஷம் தேயிலை ஸ்டோர் வேலிக்குப் பின்னால் திருடனைப் போல நின்று கேட்பேன். இந்த வருஷம் தப்பு மேளம் காய்ச்சுகிற புகை மணம் வந்ததும் கால் தன்பாட்டில் இறங்கிப் போய்விட்டது. நெற்றியில் இருந்த சாம்பலை அடியோடு மறந்துபோனேன்.

கூத்தில் பெண் வேஷம் கட்டுகிற இராமையா கண்டுவிட்டான். "அட, வாத்தியாரே! நெத்தியில விபூதியா? விபூதி பூசிக்கிட்டா வந்திருக்கீங்க?" என்றான். நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஆமா, விபூதிதான்."

இதில் ஒரு சொல் பொய் இல்லை, மச்சான். எங்கள் ஜெபப் புத்தகத்திலும் அதற்கு அந்தப் பெயர்தான். ஆனால் அவன் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்திருந்தால் நீ என் முகத்தில் துப்பியிருப்பாய். "வாத்தியாரு நம்ம காமனுக்கு விபூதி பூசி வந்திருக்காரு" என்று கூப்பாடு போட்டு, என்னை உள்ளே இழுத்து உட்கார வைத்து, வலது மணிக்கட்டில் மஞ்சள் நூலில் காப்புக் கட்டிவிட்டான். பௌர்ணமியன்று காமனை எரித்த பிறகு, கட்டினவன் கையாலேயே அவிழ்க்க வேண்டுமாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் அந்த விபூதி அவர்களுக்கானது இல்லை என்றும் சொல்ல வேண்டியிருக்கும். அதைவிட வெட்கமான காரணம் ஒன்றும் உண்டு. காப்புக் கட்டிக்கொண்டவன் பாட்டுக்காரர்களோடு உள்ளே உட்காரலாம். அந்த ஆசைதான்.

இப்போது நூல் சட்டைக் கைக்குள் ஒளிந்திருக்கிறது. நான் உள்ளுக்குள் வெந்து சாகிறேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

உன்,
இன்னாசி


786
மீராசாஹிப் கடை, நாவுல
1963 மார்ச் 6

என் இரண்டு விபூதிக் கூட்டாளிக்கு,

உன் கடிதத்தை மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் இருந்து வாசித்தேன். சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்ததில் வாப்பா உள்ளே வந்து, "என்னடா, சீதமா?" என்று கேட்டார். ஆமாம், சீதம்தான் என்றேன். பார், உன் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது.

என் ஆசையும் நாலு பேருக்குச் சொல்லக்கூடியது இல்லை, மச்சான். பத்திரிகை வருகிற நாளில் தபால்காரருக்காக நான் தெருவில் நிற்கிற நிலையைப் பார்த்தால் எவளோ ஒருத்தியின் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன் என்றுதான் நினைப்பார்கள். வாப்பாவுக்கு மாயக்கதை என்றாலே ஆகாது. 'சிஹ்ர் கதை' என்பார். சூனியம் செய்கிறவனும் அதை வாசிக்கிறவனும் அவருக்கு ஒன்றுதான். இரண்டு வருஷத்துக்கு முந்திப் பள்ளிவாசல் படியில் உட்கார்ந்து நூல் ஓதிக் கட்டிக்கொண்டிருந்த ஒரு மனுஷனை அவரே எழுப்பி அனுப்பினார். அதிலிருந்து இந்த ஊரில் யாரும் வாப்பாவுக்குத் தெரிய ஒரு நூல் கட்டுவதில்லை.

நீலவேணி விஷயத்தில் நீ சொல்வது பிழை. அவள் விற்றது பகல் நிழலை மட்டும்தான். நிலா நிழல் அவளிடம் இருக்கிறதே, அதோடுதான் கடந்தாள். இதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, தங்கச்சி மஸீனா. வாப்பா கடையில் இருக்கும்போது அவளுக்கு நான் வாசித்துக் காட்டுவேன், அது உனக்குத் தெரியும். அண்ணனான எனக்கே, "நானா, நெழல் அவளுட சாமான். விக்கிறதும் விக்காம ஈக்கிறதும் அவளுட விருப்பம்" என்று ஒரே போடாய்ப் போட்டாள். நீ அவளிடம் தோற்றுவிட்டாய், ஒப்புக்கொள்.

அவளைப் பற்றி ஒரு நல்ல சேதியும் இருக்கிறது. மாத்தளை அப்துல் ஸமத் ஹாஜியாரின் மகனுக்குப் பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். பையன் ஒரு நாள் கடைக்கு வந்தான். மஸீனா திரைக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டு, அன்றைக்கு முழுதும் சோற்றுக்கு உப்புப் போட மறந்தாள். உம்மாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நிழல் ராச்சியங்களுக்கான நம் தேசப்படத்தைப் பெரிதாக வரைந்துவிட்டேன். ராச்சியத்துக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் அதனதன் முத்திரை. மெத்தைக்குக் கீழே இருக்கிறது. வரும்போது காட்டுகிறேன்.

நூல் விஷயம். அறுத்துப் போடு, இல்லையென்றால் அந்த மனுஷனிடம் போய், இது வேறு விபூதி என்று சொல்லிவிடு. இரண்டும் செய்யாமல் நடுவில் நிற்காதே. உனக்கு நடிக்க வராது.

நுஹ்மான்


சே. ம. சூ.
மேல் டிவிசன்
1963 மார்ச் 14

அன்புள்ள மச்சானுக்கு,

நீ சொன்னபடி செய்யவில்லை. இரண்டில் எதையும் செய்யவில்லை.

பத்தாம் தேதி பௌர்ணமி. காமன் எரிகிற நாள். சாயந்தரம் போய்க் கடைசிப் பாட்டைக் கேட்டுவிட்டு இராமையா கையால் நூலை அவிழ்த்துக்கொண்டு ஒருவருக்கும் தெரியாமல் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அன்று ஞாயிற்றுக்கிழமை. சுவாமியார் பூசைக்கு வந்தவர், ஜீப் பழுதாகி அன்று இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. வேறு எங்கே தங்குவார்? எங்கள் வீட்டில்தான்.

பூசை நேரத்திலேயே வினை வந்துவிட்டது. ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருக்கும்போது சட்டைக் கைப் பொத்தான் அறுந்து விழுந்தது. பூசை முடிந்ததும் சுவாமியார் வந்து, "கையில என்ன இன்னாசி, மஞ்சள் நூல்?" என்று கேட்டார். சுற்றிலும் சபைப் பெரியவர்கள். அம்மாவும் நின்றாள். அவசரத்தில் வாயில் வந்த ஒன்றைச் சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று கேட்காதே. சுவாமியார் கோபிக்கவில்லை. "விசுவாசம் உள்ளவனுக்கு இது எதுக்கு? கழட்டிப் போடு" என்றார். எல்லார் முன்னாலும் பிய்த்துச் சாக்கடைக் கானில் போட்டேன்.

சாயந்தரம் சுவாமியாரோடு வீட்டு முன் இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். கீழே தப்பு அடிக்கத் தொடங்கிற்று. பிறகு அந்தப் பாட்டு வந்தது. காமன் எரிந்த பின் அவன் பெண்டாட்டி விழுந்து புரண்டு புலம்புகிற பாட்டு. வருஷம் முழுக்க நான் காத்திருப்பது அதற்குத்தான். இராமையா குரல் அன்று போல என்றைக்கும் இருந்ததில்லை. சுவாமியார் காது கொடுத்துக் கேட்டார். "யாரு பாடுறது? நல்லாப் பாடுறானே" என்றார்.

"தெரியல சுவாமி" என்றேன்.

என்னைத் தேடிக்கொண்டிருப்பான் என்று தெரியும். காப்பை அவிழ்க்காமல் அவன் வேஷம் கலைக்கக் கூடாது. மறுநாள் மலைக்குப் போகிற வழியில் கையைத் தூக்கி என்னைக் கூப்பிட்டான். நான் பள்ளிக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மஸீனாவுக்கு என் வாழ்த்தைச் சொல். நிலா நிழல் விஷயத்தில் தோற்றதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னாசி


786
நாவுல
1963 மார்ச் 23

திரு. இன்னாசிமுத்து அவர்களுக்கு,

நீங்கள் அவசரத்தில் சொன்னது என்ன என்று இப்போது எங்கள் ஊருக்கே தெரியும்.

போன புதன்கிழமை உங்கள் சுவாமியார் தம்புள்ளைப் பக்கம் போகிற வழியில் எங்கள் கடையில் இறங்கினார். மரியாதையான மனுஷன்தான். வாப்பாவுக்குக் கை கொடுத்துவிட்டு, "எங்க வாத்தியாருக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்க மகன் ஓதுற லெப்பையை வைச்சு நூல் ஓதிக் கட்டினாராமே, நல்ல மனசு. ஆனா எங்க பிள்ளைகளுக்கு அது வேணாம், தயவு செஞ்சு சொல்லி வைங்க" என்றார். கடையில் பள்ளிவாசல் மரைக்காயர் நின்றார். அப்துல் ஸமத் ஹாஜியாரின் மச்சினன் வெங்காயம் நிறுத்துக்கொண்டு நின்றார். நூல் கட்டின மனுஷனைப் படியிலிருந்து எழுப்பி அனுப்பின மீராசாஹிபின் வீட்டில், சொந்த மகனே கள்ளத்தனமாக நூல் கட்டுகிறான்!

வாப்பா என்னைப் பார்த்தார். ஒரு சொல் சொன்னால் போதும். அது காமன் காப்பு, கட்டினவன் இராமையா என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்கும். உங்கள் உபதேசியார் வேலையும் முடிந்திருக்கும். உங்கள் அம்மா முகம் என் கண்ணுக்குள் வந்தது. "ஓம் வாப்பா, நான்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். வேறென்ன வைத்திருக்கிறேன் என்று வாப்பா என் அறையைக் கிளறினார். மெத்தைக்குக் கீழே நம் தேசப்படம். ஒன்பது கட்டம், கட்டத்துக்குள் பாம்பு, பிறை, வாள், கண். அவர் அதைக் கையால் தொடவும் இல்லை. சூனியத் தகட்டுக்குக் கீறி வைத்த படம் என்றே நினைத்துவிட்டார். கதை என்று நான் சொல்லச் சொல்ல, அந்தப் பத்திரிகைகளில் இருந்த பேய்ப் படங்கள் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லின. எல்லாவற்றையும் நெல் அவிக்கிற அடுப்பில் போட்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஜமாஅத் முன்னால் என்னை எழுப்பி நிறுத்தித் தவ்பாச் செய்ய வைத்தார். செய்யாத குற்றத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்குத் தெரியாததால், உங்கள் குற்றத்துக்குக் கேட்டேன்.

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். வாப்பா அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இனி எனக்கு எழுத வேண்டாம்.

நுஹ்மான்


சே. ம. சூ.
மேல் டிவிசன்
1963 மார்ச் 28

நுஹ்மான்,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். என்னை 'நீங்கள்' என்று எழுதிவிட்டாய், அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அவமானமாக இருக்கிறது. வேறு சொல் கிடைக்கவில்லை. உன் பெயர் எப்படி என் வாயில் வந்தது என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். தைரியமாகச் சொல்லக்கூடிய பெயர் எனக்கு வேறு இருக்கவில்லை, அதுதான் காரணம். லெப்பையிடம் நூல் கட்டுவது இந்தப் பக்கம் எல்லாரும் செய்கிற காரியம், சின்னக் குற்றம், சுவாமியார் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார் என்று நினைத்தேன். காமனுக்குக் காப்புக் கட்டினேன் என்றால் சும்மா விடுவாரா? அவர் உன் கடை வாசலில் போய் இறங்குவார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

நான் வந்து உண்மையைச் சொல்கிறேன். நிச்சயம் சொல்கிறேன். ஆனால் பாஸ்கு முடியட்டும், மச்சான். ஏப்ரல் பதினாலாம் தேதி என்னை நியமித்துவிடுவார்கள். அதற்கு முந்திச் சொன்னால் எல்லாம் போய்விடும். பிறகு சொன்னால் கொஞ்சம் ஏச்சோடு போகும். அம்மாவுக்காகத்தான் கேட்கிறேன். இவ்வளவு பொறுத்தாய், இன்னும் கொஞ்ச நாள்.

எழுதிவிட்டுத் திரும்ப வாசிக்கிறேன். எவ்வளவு கேவலமான கடிதம்! ஆனாலும் கிழிக்காமல் போடுகிறேன்.

இன்னாசி


786
நாவுல
1963 ஏப்ரல் 4

இன்னாசிமுத்து,

உன் அம்மாவுக்காகப் பொறுக்கச் சொல்கிறாய். எனக்கும் ஒரு தங்கச்சி இருக்கிறாள்.

அப்துல் ஸமத் ஹாஜியார் வீட்டிலிருந்து ஆள் வந்தது. "இந்தப் பேச்சக் கொஞ்சம் ஆறப் போடுவோம்" என்றார்களாம். சூனியப் படம் அகப்பட்ட வீடு என்று மாத்தளை வரைக்கும் கதை போயிருக்கிறது. பையனுக்கு இன்னும் விருப்பம் இருக்கிறது. ஹாஜியார்தான் தயங்குகிறார். நீ வந்து அவர் காதில் விழச் சொன்னால் இந்தச் சம்பந்தம் இன்னும் நிற்கும். நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், நானே ஒப்புக்கொண்டவன் அல்லவா?

நான் ஒப்புக்கொண்டது பொய் என்று மஸீனாவுக்கு இன்னும் சொல்லவில்லை. நீ வருவாய் என்று காத்திருக்கிறேன்.

நுஹ்மான்


சே. ம. சூ.
மேல் டிவிசன்
1963 ஏப்ரல் 16

அன்புள்ள நுஹ்மானுக்கு,

பெரிய பாரம் இறங்கிவிட்டது. பெரிய வியாழனன்று பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியாரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விபூதி, காப்பு, உன் பெயரைச் சொன்னது, இராமையாவைக் கண்டு ஒளிந்தது, மாயக்கதை, ஒன்றையும் விடவில்லை. தலையில் இடி விழும் என்று காத்திருந்தேன்.

சுவாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "இதுக்கா இவ்வளவு பயந்த? அந்தப் பாட்டு நல்ல பாட்டு. பாட்டுக் கேட்டது பாவம் இல்ல, பொய் சொன்னதுதான் பாவம்" என்றார். மன்னிப்பும் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்னை உபதேசியாராக நியமித்தும் விட்டார். அம்மா அழுதாள். அன்றே கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பாரே என்று நினைக்க நினைக்க எனக்கு அவமானம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஒன்றுமில்லாததற்குப் பயந்து உன்னைக் கொண்டுபோய் நெருப்பில் வைத்திருக்கிறேன்.

அவராகவே உன் வாப்பாவிடம் பேச முடியாது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சுவாமியார் உயிர் போனாலும் வெளியே சொல்லக் கூடாது, அது எங்கள் சட்டம். அதனால் பரிகாரமாக என்னையே போகச் சொன்னார். "யாரு பேரக் கெடுத்தியோ அவங்ககிட்டப் போ" என்றார். வருகிறேன். இந்த மழை கொஞ்சம் விடட்டும், பள்ளிக்கூடத்தில் சோதனையும் நடக்கிறது, அது முடியட்டும்.

இன்னாசி


786
நாவுல
1963 ஏப்ரல் 20

இன்னாசிமுத்து,

மழை இங்கே விட்டுவிட்டது. நீ இனி ஆறுதலாகவே வரலாம். அப்துல் ஸமத் ஹாஜியார் மகனுக்கு உக்குவளையில் பெண் நிச்சயித்துவிட்டார்கள். திங்கட்கிழமை சேதி வந்தது. உனக்கு மாலை போட்ட மறுநாள்.

நீ முழங்காலில் நின்று சொன்னது ஆண்டவனுக்குக் கேட்டிருக்கும். ஹாஜியாருக்குக் கேட்கவில்லை. வெளியே போகாது என்று தெரிந்த ஒரு இடமாகப் பார்த்துத்தானே நீ உண்மையைச் சொன்னாய்? அதை உன் துணிச்சல் என்று எனக்கு எழுதுகிறாய்.

மஸீனா சேதியைக் கேட்டுவிட்டுச் சோறு போட்டாள். உப்புச் சரியாக இருந்தது. உம்மா அடுப்படியில் இருந்து அழுதார்.

நுஹ்மான்


சே. ம. சூ.
மேல் டிவிசன்
1963 ஏப்ரல் 29

நுஹ்மானுக்கு,

வெள்ளிக்கிழமை வருகிறேன். ஜும்ஆ முடிந்து எல்லாரும் வெளியே வருகிற நேரம் பள்ளிவாசல் முன்னால் நிற்பேன். மழை பெய்தாலும் வருவேன். நீ என் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை.

நேற்றுக் கோவிலில் ஜெபம் தொடங்கு முன் எல்லாருக்கும் சொன்னேன். உன் பெயரையும் சொல்லி, அவன் ஒன்றும் செய்யவில்லை என்றேன். பாவசங்கீர்த்தனப் பெட்டிக்குள் இல்லை, சனத்துக்கு முன்னால். ஒருவரும் என்னை அடிக்கவில்லை. சிலர் எழுந்து போனார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள், இன்னும் நிமிரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை முன்னால் நிற்க விடுவார்களா என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

அதற்குப் பிறகு இராமையா வீட்டுக்குப் போனேன். அது எங்களுடைய விபூதி, உங்களுக்காகப் பூசினது இல்லை, பாட்டுக் கேட்கிற ஆசையில் வாயை மூடிக்கொண்டேன் என்றேன். அவன், "நீங்க வரலேன்னு பொழுது விடியிற வரைக்கும் வேஷம் கலைக்காம ஒக்காந்திருந்தேன் வாத்தியாரே" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. சும்மா வந்து உட்கார்ந்திருந்தாலும் பாட்டுக் கேட்க விட்டிருப்போமே என்றான்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. வந்து சொல்லிவிட்டுப் போகிறேன்.

இன்னாசி


786
நாவுல
1963 மே 5

இன்னாசி,

நீ போன பிறகு நடந்ததை எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதுகிறேன்.

நீ வருவாய் என்று நான் நம்பவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பஸ் வந்து நின்றபோதும் நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. உன் குரல் கேட்ட பிறகுதான் பார்த்தேன். நூல் கட்டினது யார், பொய் சொன்னது யார், படம் எதற்கு வரைந்தது என்று அத்தனை சனத்துக்கு முன்னால் நீ சொல்லச் சொல்ல, என் காது இரண்டும் சுட்டது. வெட்கப்பட வேண்டியவன் நீ, ஆனால் எனக்கும் வெட்கமாக இருந்தது. பெரியவர்கள் மாயக்கதைக்குப் படம் கீறுவதா என்று யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

வாப்பா உனக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினார் அல்லவா? நீ பஸ் ஏறிய பிறகு கடையைப் பூட்டிவிட்டார். பகல் நேரத்தில் அவர் கடை பூட்டி நான் பார்த்ததில்லை. என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, "செய்யாததச் செஞ்சேன்டு ஏன் மகன் சென்ன?" என்று கேட்டார். அவன் என் கூட்டாளி என்றேன். "நான் கேட்டிருக்கோணும். ஒருக்காச் சரி ஒழுங்காக் கேட்டிருக்கோணும்" என்றார். வாப்பா அழுததை நான் முதல் தரம் பார்த்தேன். நாங்கள் இப்போது பேசிக்கொள்கிறோம்.

ஹாஜியார் ஆள் அனுப்பி வருத்தம் தெரிவித்தார். உக்குவளைப் பேச்சை இனி மாற்ற முடியாதாம். சரி.

உன்னை மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. கோபம் பாதி இறங்கிவிட்டது. மீதிப் பாதியையும் விட்டுவிடலாம் என்றுதான் நேற்று இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அப்போதுதான் மஸீனா வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றாள்.

அன்று நீ கடைக்குள் வந்து வாப்பாவுக்குக் கை கொடுத்தாய். மரைக்காயரிடம் மன்னிப்புக் கேட்டாய். என்னிடம் கேட்டாய். ஹாஜியாருக்குச் சொல்லச் சொல்லி அவர் மச்சினனிடமும் கேட்டாய். திரைக்கு அந்தப் பக்கம் அவள் நின்றாள். நீ இருந்த கதிரைக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சீலைத் துணிதான் இருந்தது. நீ தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயேதான் நின்றாளாம்.

"நானா, எல்லாருக்கிட்டயும் மன்னிப்புக் கேட்டார். எனக்கு ஒண்டும் செல்லல்லயே?" என்று கேட்டாள்.

நான் என்ன பதில் சொல்லட்டும்?

நுஹ்மான்